கோழியும் லாரியும்



அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் தென்பகுதியில் லரேடோ என்றோர் எல்லை நகரம் உண்டு. ரியோ கிராண்டே ஆற்றின் இக்கரை அமெரிக்கா, அக்கரை மெக்சிக்கோ. அவ்வூரிலிருந்து வடக்கே சான் அன்டோனியோ நகருக்குச் செல்லும் 35-ஆம் எண் நெடுஞ்சாலை ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளமுடையது. இருபுறமும் புதர்க்காடு, கண்ணைக் கவரும் மலையோ அருவியோ இல்லை. சான் அன்டோனியோவில் என் மகன் இல்லத்தில் சில திங்கள் தங்கியிருந்தபோது, ஒருநாள் லரேடோ சென்று அவ்வழியே திரும்பிக்கொண்டிருந்தோம். என் பக்கத்தில் பதினான்கு வயதுப் பேரன் குறிப்பேடும் பென்சிலுமாக அமர்ந்திருந்தான். எங்களைக் கடந்து செல்லும் வண்டிகளையே அவன் கண்கள் துருவிக்கொண்டிருந்தன.

"தாத்தா, அதோ சவேரோ!" என்று திடீரெனக் கூவினான்.

கடந்து சென்றது வெண்ணிறச் சிறு வண்டி ஒன்று. முன்னே ஓட்டுநர் அறை, பின்னே திறந்த சரக்குத் தொட்டி. இவ்வகைச் சிறு லாரியைப் பிக்கப் என்பர். அமெரிக்கப் பிக்கப்புகள் யானைக்கன்று போன்றவை. அவற்றின் நடுவே இதுவோ, ஒரு காரின் பின்பாதியை வெட்டியெடுத்துவிட்டுத் தொட்டியைப் பொருத்தியது போலத் தோன்றிற்று. வோக்ஸ்வாகன் நிறுவனம் பிரேசில் நாட்டில் செய்த வண்டி அது. மெக்சிக்கோவிலும் விற்கப்பட்டது, அமெரிக்காவிலோ எந்நாளும் விற்பனைக்கு வந்ததில்லை. ஆற்றுக்கு அக்கரையில் எளிதிற் காணும் வண்டி இக்கரையில் அரும்பொருளாயிருப்பது எனக்கு விந்தையாகப் பட்டது. "ஏன் அப்படி?" என்று கேட்டேன்.

"கோழியால்" என்றான் பேரன்.

விளையாடுகிறான் என்றே எண்ணினேன். பின்னர் நூல்களைப் புரட்டியபோது அவன் சொன்னது மெய்யென்று கண்டேன். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்காவில் கோழி வளர்ப்புப் பெருந்தொழிலாயிற்று. இறைச்சி மலிந்தது, கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குச் சென்றது. மேற்கு ஜெர்மனி முதலிய நாடுகளின் குடியானவர்கள் தங்கள் பிழைப்புக் கெடுகிறதென்று முறையிட்டனர். அந்நாடுகள் சேர்ந்த ஐரோப்பியப் பொதுச் சந்தை 1962-இல் அயல்நாட்டுக் கோழிமீது வரியை உயர்த்தியது. பேச்சு வார்த்தைகள் பயன் தரவில்லை. 1963 டிசம்பர் 4-ஆம் நாள், பதவியேற்றுப் பன்னிரண்டே நாட்களான குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் எதிர்வரி ஆணையில் கையொப்பமிட்டார். உருளைக்கிழங்கு மாப்பொருள், டெக்ஸ்டிரின் என்னும் பசைப்பொருள், பிராந்தி, சிறு லாரி ஆகிய நான்கின்மீதும் வரி உயர்ந்தது. லாரிக்கு நூற்றுக்கு 25. அடுத்த ஜனவரி 7-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

கோழிக்கும் லாரிக்கும் என்ன உறவு என்பீர்கள். அக்காலத்தில் வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் ஜெர்மானியச் சிறு லாரிகள் அமெரிக்காவில் விற்பனையாகி வந்தன. அடி அங்கே விழவேண்டும் என்பது கருத்து. எனினும் வரி, பொருளின் பெயரால் விதிக்கப்பட்டதேயன்றி நாட்டின் பெயரால் அன்று. ஆகவே ஜெர்மனியை நோக்கி எறிந்த கல் பின்னர் ஜப்பான்மீதும் விழுந்தது. மற்ற மூன்று பண்டங்களின் கூடுதல் வரி காலப்போக்கில் நீங்கிற்று. லாரி வரி மட்டும் அறுபது ஆண்டுகளைக் கடந்தும் நின்றது. அதன் நிழலில் உள்நாட்டு லாரித் தொழில் தழைத்துவிட்டது. நிழலை வெட்ட எவருக்கு மனம் வரும்? பயணிகள் காருக்குப் பல்லாண்டுகள் நூற்றுக்கு இரண்டரையே வரி என்பதையும் இதனோடு வைத்துப் பாருங்கள்.

இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜான்சனின் பண்ணை சான் அன்டோனியோவிற்கு வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் உள்ளது. ஜெர்மானிய லாரிக்குக் கதவடைத்த அவரே நீரிலும் நிலத்திலும் செல்லும் ஜெர்மானியக் கார் ஒன்றை அப்பண்ணையில் வைத்திருந்தார். விருந்தினரை ஏற்றிக்கொண்டு, பிரேக் பிடிக்கவில்லை என்று கூவியபடியே ஏரிக்குள் இறக்கி அவர்களை நடுங்கச் செய்வாராம்!

வணிகர் வரிக்கு வழி கண்டுபிடித்தனர். தொட்டியில்லாத லாரிக்கு வரி நூற்றுக்கு நான்கே என்றிருந்ததால், சில நிறுவனங்கள் ஜப்பானிலிருந்து ஓட்டுநர் அறையையும் அடிச்சட்டத்தையும் மட்டும் தருவித்து, கரையிறங்கியபின் தொட்டியைப் பொருத்தி விற்றன. 1980-இல் அவ்வழி அடைபட்டது. சுபாரு நிறுவனத்தாரின் சூழ்ச்சியோ இதனினும் சுவையானது. பிராட் என்ற தங்கள் பிக்கப்பின் திறந்த தொட்டியில், பின்னோக்கியவாறு இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தினர். இருக்கை இருப்பதால் அது பயணிகள் வண்டி. பயணிகள் வண்டியாதலால் லாரி வரி இல்லை! காற்றும் மழையும் படும் அவ்விடத்தில் அமர்ந்து சென்றவர் எத்தனை பேரோ! பின்னாளில் குடியரசுத் தலைவரான ரொனால்டு ரேகனும் தம் பண்ணையில் அவ்வண்டி ஒன்றை வைத்திருந்தார். இன்று சாலையில் ஒரு பிராட் வந்தால் என் பேரன் முதலில் தேடுவது அவ்விரு இருக்கைகளைத்தான்.

வரி ஒன்றே தடையாயின், பொருளுடையோர் அதனைக் கட்டித் தருவித்துக்கொள்வர். மற்றொரு தடையும் உண்டு. 1988-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கச் செய்யப்படாத வண்டியைப் பொதுவாக அதற்கு 25 வயது நிறைந்த பின்னரே தடையின்றி இறக்குமதி செய்யலாம். இதனால் ஒரு வேடிக்கை. புது வண்டி குற்றவாளி. கிழ வண்டி விருந்தாளி! ஜப்பானியக் குடியானவர் உழைப்பில் தேய்த்துவிட்ட குட்டி லாரிகளை அமெரிக்கர் விரும்பி வாங்குகின்றனர். அவற்றின் எஞ்சின் 660 கன சென்டிமீட்டருக்கு மேற்படாது. அகலம் ஒன்றரை மீட்டரும் இல்லை. ஓட்டுநர் இருக்கை வலப்புறம். முறையாக வாங்கிவந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. உள்ளே வரவிடுவது மத்திய அரசு. சாலையில் ஓடப் பதிவு செய்வது மாநில அரசு. சில மாநிலங்கள் இக்குட்டி லாரிகளைப் பதிவு செய்ய மறுத்தன; முன்பு செய்த பதிவையே நீக்கியதும் உண்டு. டெக்சஸில் உரிமையாளர்கள் குரலெழுப்பியபின் 2024-இல் வழி பிறந்தது.

ஆயின் அந்தச் சவேரோ எவ்வாறு வந்தது? அதன் எண் பலகை மெக்சிக்கோ நாட்டின் தமௌலிப்பாஸ் மாநிலத்தது. அமெரிக்காவில் வாழாத அயல்நாட்டார் தம் சொந்த உபயோகத்திற்காக வண்டியை ஓராண்டு வரை கொண்டுவந்து வைத்திருக்கலாம், விற்கலாகாது. உறவினரைக் காணவோ கடைவீதிக்கோ வந்த குடும்பமாக இருக்கலாம்.

இனங்காண்பதற்குப் பேரன் கற்பித்த குறிப்புகளுள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் விற்கும் வண்டியின் பக்கவாட்டில், முன்னே மஞ்சள் விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் இருத்தல் வேண்டும் என்பது 1960-களின் இறுதியில் வந்த விதி. அயல்நாட்டு வண்டிகள் பலவற்றில் அவை இரா. பெயரை மட்டும் நம்புதல் கூடாது. டொயோட்டாவின் ஹைலக்ஸ் உலகெங்கும் ஓடுவது. அமெரிக்காவில் 1995-இல் அதன் இடத்தை டாக்கோமா பெற்றது. ஆசை தீராத சிலர் டாக்கோமாவின் பின்கதவில் ஹைலக்ஸ் என்று எழுத்துகளை ஒட்டிக்கொள்வதுண்டு. மிச்சிகன் மாநிலச் சாலைகளிலோ, நிறுவனங்களே சோதனைக்காகக் கொணர்ந்த அயல் வண்டிகள் உற்பத்தியாளருக்குரிய தனி எண் பலகையுடன் ஓடும்.

இவற்றைக் கேட்டவாறே வந்தபோது எனக்குப் பழைய நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வந்தது. நான் பணியாற்றிய பள்ளியொன்று தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், கணக்கு வகுப்பில் சன்னலோரம் அமர்ந்து லாரிகளின் எண்களைக் குறித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவனின் நோட்டுப் புத்தகத்தைப் பறித்தேன். "ஐயா, நாகாலாந்து லாரி நம்மூர்ப் பக்கம் இத்தனை ஏன் ஓடுகிறது?" என்று அவன் கேட்டான். "பாடத்தைக் கவனி" என்றேன். வரியும் பதிவு முறையும் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுவதால், தொலைவிலுள்ள மாநிலத்தில் பதிவு செய்துகொள்வோர் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரியாதென்று சொல்லவும் மனம் வரவில்லை. அந்த நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேனா என்பதுகூட நினைவில்லை.

வீடு வந்ததும் பேரனின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினேன். இடம், வண்டி, எண் பலகை, எப்படி வந்தது எனக் கோடு கிழித்திருந்தான். அன்று கண்டவை ஆறு. ஐந்துக்கு விடை எழுதியிருந்தது. ஆறாவது, புத்தம்புதிய ஹைலக்ஸ். எண் பலகை டெக்சஸ். பக்கவாட்டில் சிவப்பு விளக்கு இல்லை.

"ஒட்டுப் பெயராக இருக்குமோ?" என்றேன்.

"இல்லை தாத்தா. கதவின் வடிவமே வேறு. நன்றாகப் பார்த்தேன்."

"அப்படியானால் சோதனை வண்டி என்று எழுதிவிடேன்."

"தெரியாமல் எப்படி எழுதுவது?" என்றான் அவன்.

நான் ஊர் திரும்பிப் பல மாதங்களாகின்றன. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் கேட்கிறேன். அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.