வகுப்பறைக்குள்ளே கேட்கட்டும்
(மாணவர் கலந்துரையாடல் தொடக்கக் கூட்டத்தில் பேசியது)



லயத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளை, ஊர் கேட்டால் எஸ்டேட் பெயரைச் சொல்வதில்லை. ‘மூணாறு டவுன்’ என்கிறான். உண்மையைச் சொன்னால் ‘பாண்டி’ என்ற கேலி வரும். நாமும் “வம்பு வேண்டாம், படித்துவிட்டு வா” என்றே அனுப்பினோம். தப்பு நம்முடையதுதான்.

2015 செப்டம்பரில் நம் பெண்கள், யூனியன் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, போனசுக்காக மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். நாடே பார்த்தது. அதைப்பற்றி மலையாளப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் எத்தனை வகுப்பறையில் சேர்ந்து பேசினார்கள்?

நம்மவர் கரும்புத் தோட்டக் கூலியாகப் போன தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 1969-இல் ஸ்டீவ் பிகோவைத் தலைவராக வைத்துக் கறுப்பு மாணவர்கள் சங்கம் கண்டார்கள். டர்பன் இந்திய மாணவர் ஸ்ட்ரினி மூட்லியும் அதில் நின்றார். (மூட்லி என்பது நம் ‘முதலி’தான்!) ‘நானும் கறுப்பன்’ என்று நின்றதற்கு ராபன் தீவில் சிறையிருந்தார்.

நாமோ லயத்துக்குள்ளேயே சாதி விசாரிக்கிறோம். அதையும் பிள்ளைகள் கேட்கட்டும், நம் முகத்துக்கு நேரே.

சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது. மூணாறிலும் கல்லூரி இருக்கிறது. மாதம் ஒரு மாலை, மலையாளத் தோழர்களையும் அழைத்து உட்காருங்கள். முதல் பேச்சு 1969-இன் கேரள ஆட்சிமொழிச் சட்டம்: மொழிச் சிறுபான்மைப் பகுதியில் தமிழில் மனு எழுதலாம், பதிலும் தமிழிலேயே வரவேண்டும். மனுவை அங்கேயே எழுதுங்கள். கையெழுத்துப் போட நாங்கள் வருகிறோம்.