கிரேக்கர் கண்ட ஆட்சி முறைகள்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அரசு என்றதும் நம் மனக்கண் முன் பரந்த தேசமொன்றும் அதன் தலைநகரமும் தோன்றுகின்றன. பழைய கிரேக்கருக்கோ அரசு என்பது ஒரு நகரமும் அதைச் சூழ்ந்த வயல்வெளியுமேயாம். இத்தகைய நகர அரசுகள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றும் தனக்கேற்ற ஆட்சியை வகுத்துக்கொண்டது. ஆதலின், மனிதர் தம்மை எவ்வாறு ஆளலாம் என்பதற்குப் பல பரீட்சைகள் நடந்த களமென்றே கிரேக்க உலகை நாம் கொள்ளலாம்.

கி. மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டோட்டிலின் பெயரால் 158 அரசுகளின் அமைப்பு விவரங்கள் திரட்டப்பட்டன. அவற்றுள் ஏதென்ஸ் பற்றிய நூல் எகிப்து நாட்டுப் பப்பைரசுச் சுருள்களிற் கிடைத்து, 1891 இல் அச்சேறியது. ஆட்சிகளை வகைப்படுத்த அவர் இரண்டு வினாக்களை எழுப்பினார். ஆள்வோர் எத்தனை பேர்? யாருடைய நன்மைக்காக ஆள்கின்றனர்? ஒருவன் பொது நன்மைக்காக ஆண்டால் அது முடியாட்சி. தன் நன்மைக்காக ஆண்டால் கொடுங்கோன்மை. சிலர் பொது நன்மைக்காக ஆண்டால் அது மேலோர் ஆட்சி. தம் செல்வத்தைக் காக்க ஆண்டால் சிலராட்சி. பலர் பொது நன்மைக்காக ஆள்வதை நற்குடியாட்சி என்றார். ஏழைகளான பலர் தம் கூட்டத்தின் நலனை மட்டும் நோக்கி ஆள்வதையே 'டெமோக்கிரசி' என்றார். இன்று நாம் போற்றும் சொல்லை அவர் குறையுடைய ஆட்சிகளின் வரிசையிற் சேர்த்தது நமக்கு வியப்பளிக்கலாம். அதன் காரணத்தை ஆராய்வோம்.

முதலில் ஸ்பார்ட்டாவைப் பார்ப்போம். அங்கே இரு குலங்களிலிருந்து இரண்டு அரசர்கள் ஒரே காலத்தில் இருந்தனர். அறுபது வயதைக் கடந்த முதியோர் 28 பேர் அவ்வரசருடன் கூடி மூதவையாயினர். ஆண்டுதோறும் தெரிவாகும் ஐந்து 'எபோர்கள்' அரசரையும் விசாரிக்க வல்லவர்கள். மக்கள் சபையும் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் ஆரவாரம் செய்து தன் விருப்பத்தைத் தெரிவித்ததேயன்றி, விவாதித்து முடிவு செய்ததன்று. இவ்வமைப்பு நெடுங்காலம் உறுதியாக நின்றது. எனினும், 'ஹெலட்' எனப்பட்ட அடிமை உழவரின் உழைப்பின் மேலேயே அது நின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

ஏதென்ஸ் வேறு வழியிற் சென்றது. கி. மு. 594 இல் சோலன் கடனுக்காக மனிதரை அடிமையாக்கும் வழக்கத்தை ஒழித்தார். கி. மு. 508 இல் கிளைஸ்தனிஸ் குடிகளைப் பத்துப் பிரிவுகளாக்கினார். பிரிவுக்கு ஐம்பதின்மராக ஐந்நூற்றுவர் சபை அமைந்தது. பிற்காலத்தில் அதன் அங்கத்தவர்கள் திருவுளச்சீட்டின் மூலமே தெரிவாயினர். பிரசைகள் யாவரும் 'பினிக்ஸ்' என்னுங் குன்றிற் கூடிப் போரையும் சமாதானத்தையும் சட்டத்தையும் கையுயர்த்தித் தீர்மானித்தனர். செருப்புத் தைப்பவனும் அங்கே எழுந்து பேசலாம். ஆனால் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியோருக்கும் அங்கே இடமில்லை.

இந்தச் சபை கி. மு. 427 இல் எடுத்த தீர்மானமொன்றைக் கேளுங்கள். லெஸ்பொஸ் தீவிலுள்ள மித்திலேனி நகரம் ஏதென்சின் மேலாதிக்கத்தை எதிர்த்துக் கிளர்ந்து தோல்வியுற்றது. சினங்கொண்ட சபை, அந்நகரத்து ஆண்கள் அனைவரையும் கொல்லவும், பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கவும் வாக்களித்தது. கட்டளையுடன் கப்பலும் புறப்பட்டது. மறுநாள் மக்களின் மனம் குறுகுறுத்தது. சபை மீண்டும் கூடியது. கிளியோன் என்பார் தீர்மானத்தை மாற்றலாகாது என வாதித்தார். அவரை எதிர்த்த தியோதோத்தஸ் இரக்கத்தைக் காட்டிப் பேசவில்லை. அவசரமும் கோபமும் நல்லாலோசனையின் பகைகள் என்றும், அக்கொலையால் ஏதென்சுக்கே தீங்கு என்றும் எடுத்துக் காட்டினார். மிகச் சிறிய வித்தியாசத்தில் அவர் பக்கம் வென்றது.

உடனே இரண்டாவது கப்பல் விரைந்தது. தண்டு வலிப்போர் வலித்துக்கொண்டே உண்டனர்; முறைவைத்து உறங்கினர். முதற் கப்பலின் கட்டளை வாசிக்கப்பட்டு, அதை நிறைவேற்ற முனைந்த தறுவாயில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது. நகரம் தப்பியது. ஆயினும், கிளர்ச்சிக்குக் காரணரெனக் கருதப்பட்ட ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியுள்ளார்.

கி. மு. 406 இலோ மறுநாள் வாய்க்கவில்லை. ஆர்கினுசே என்னுமிடத்திற் கடற்போரை வென்ற தளபதிகள், மூழ்கிய கப்பல்களிலிருந்தோரைப் புயலினால் மீட்கவில்லை. சபை எட்டுத் தளபதிகளுக்கும் தனித்தனி விசாரணையின்றி ஒரே வாக்கெடுப்பில் மரணதண்டனை விதித்தது. அன்று சபையை நடத்திய குழுவிலிருந்த சோக்கிரதர், இது சட்டத்துக்கு மாறு என மறுத்து நின்றார். கூட்டத்தின் ஆரவாரம் அவர் சொல்லை அமிழ்த்தியது. ஊரிலிருந்த அறுவரும் கொல்லப்பட்டனர். ஏதென்ஸ் மக்கள் பின்னர் வருந்தினர். வருந்தி என்ன பயன்? மாண்டவர் மீள்வரோ?

இரண்டு நாளிலும் சபை ஒன்றே, வாக்குரிமையும் ஒன்றே. முதலாவதில் மாற்றுக் குரலுக்குச் செவிசாய்த்தனர். இரண்டாவதில் அதனை அடக்கினர். அரிஸ்டோட்டிலின் அச்சம் இப்போது நமக்கு விளங்குகின்றது. பலர் கூடிவிட்டதனாலேயே தீர்மானம் நீதியாகிவிடாது. சட்டம் கூட்டத்தின் கோபத்துக்கு மேலாக நிற்கவேண்டும். இன்னுமொன்று: மித்திலேனி மக்களின் உயிரைப் பற்றி வாக்களித்தோருள் மித்திலேனியர் ஒருவரேனும் இல்லை. வாக்கில்லாதவனின் நலனையும் எண்ணிப் பார்க்கும் பெரும்பான்மையே பொது நன்மையை நாடும் பெரும்பான்மையாகும்.

இளைஞர்களே, நாளை நீங்கள் சங்கங்களிலும் சபைகளிலும் கையுயர்த்தப் போகிறீர்கள். எண்ணிக்கையில் வெல்வது எளிது. தனித்து நிற்பவன் பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பதே அரிது. பெரியோர்களே, அந்தப் பொறுமையை அவர்களுக்குப் பழக்குவது நம் கடன். முதற் கப்பல் புறப்படுமுன்னரே சிந்திப்போமாயின், இரண்டாவது கப்பலுக்குத் தேவையிராது.