பிரபலம் சொன்னா போதுமா? குழந்தை மருத்துவமும் நம் கைப்பேசியும்

(பூந்தமல்லியில் இளம் பெற்றோருக்கான கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



குழந்தையை இடுப்புல வச்சிக்கிட்டே வந்திருக்கிற அம்மாக்கள், வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிட்டு வந்திருக்கிற அப்பாக்கள், பேரனைத் தூங்க வைக்க முயற்சி பண்ணிட்டிருக்கிற பாட்டிகள், எல்லாருக்கும் நன்றி. குழந்தை அழுதா பரவாயில்லைங்க. நான் கொஞ்சம் சத்தமா பேசிக்கிறேன்.

நம்ம பூந்தமல்லிக்கு ஒரு விசேஷம் இருக்கு. பெங்களூரு நெடுஞ்சாலையில கொஞ்ச தூரம் போனா செம்பரம்பாக்கம். அங்கே ஈவிபி ஃபிலிம் சிட்டி. பிக் பாஸ் செட் போட்ட இடம். அதே பூந்தமல்லியிலதான் பொது சுகாதார நிறுவனமும் இருக்கு. பல தலைமுறையா சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி எடுத்த இடம். நட்சத்திரங்களும் நம்ம பக்கத்துல, தடுப்பூசி போடக் கத்துக்கிட்டவங்களும் நம்ம பக்கத்துல. இதுல குழந்தை விஷயத்துல நாம யாரைக் கேட்கிறோம்? இன்னைக்கு என் பேச்சு அதைப் பத்தித்தான்.

என் அக்கா வீட்டுக் கதை

நான் தகவல் துறையில எழுதுற வேலையில இருக்கேன். "தவறாமல் தடுப்பூசி போடுங்கள்" மாதிரி வாசகம் எழுதுறது என் அன்றாட வேலை. ஆனா என் சொந்த அக்காவே என் பேச்சைக் கேட்கலைங்க.

அக்கா பையனுக்கு ஒன்பது மாதம் முடிஞ்சது. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடணும். அந்த வாரம் அக்கா போன்ல ஒரு ரீல் வந்தது. சீரியல்ல நடிக்கிற ஒரு அம்மா, மடியில குழந்தையோட பேசுறாங்க. "எல்லா ஊசியையும் அவசர அவசரமா போடணும்னு இல்ல. நான் என் பாப்பாவுக்கு லேட்டாதான் போட்டேன். அம்மாவோட மனசு சொல்றதை நம்புங்க." இவ்வளவுதான். எந்த மருந்தையும் விக்கல. காசு வாங்கின மாதிரியும் தெரியல. நல்ல மனசோடதான் பேசியிருப்பாங்க.

அக்கா புதன்கிழமை போகல. அடுத்த புதனும் போகல. நர்சம்மா மூணு தடவை போன் பண்ணாங்க, ஒரு தடவை வீட்டுக்கே வந்தாங்க. "சளி இருக்கு, அப்புறம் வர்றேன்"னு அக்கா அனுப்பிட்டாங்க. நான் சொன்னதுக்கு, "உனக்குக் கல்யாணமே ஆகல, குழந்தையைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்"னு கேட்டாங்க. பதில் இல்ல என்கிட்ட.

நாலு மாதம் கழிச்சு எங்க தெருவுல ஒரு வீட்டு வாசல்ல வேப்பிலை தொங்குச்சு. மணல்வாரி. அடுத்த ரெண்டு வாரத்துக்குள்ள அக்கா வீட்டு வாசல்லயும் வேப்பிலை. "அம்மை போட்டா ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது"ன்னு எங்க அம்மா பிடிவாதம். நாலாவது நாள் ராத்திரி பையனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சது. ஆட்டோ பிடிச்சு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். நிமோனியா. ஆறு நாள் உள்ளே இருந்தான், முதல் ரெண்டு நாள் ஆக்சிஜனோட. இப்போ நல்லா இருக்கான், ஓடுறான், என் போனைத் தூக்கிப் போட்டு உடைக்கிறான். ஆனா அந்த ஆறு நாள்ல அக்கா அந்த நடிகையைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நர்சம்மாவைப் பார்க்கத்தான் வெட்கப்பட்டாங்க.

தட்டம்மை சாதாரணம்னு நினைக்கிறவங்களுக்காகச் சொல்றேன். வேகமாகப் பரவும் நோய்களில் இது முன்வரிசையில் நிற்கிறது. நோயுள்ள ஒருவர், தடுப்பாற்றல் இல்லாத 12 முதல் 18 பேருக்குப் பரப்ப முடியும். அவர் இருந்த அறையின் காற்றில் வைரஸ் இரண்டு மணி நேரம் வரை தங்கும். நிமோனியா, கடும் வயிற்றுப்போக்கு, கண் பார்வை இழப்பு, மூளைக் காய்ச்சல் எல்லாம் இதன் பின்விளைவுகள். ரூபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம்.

பிரபலங்களால நல்லது நடந்ததே இல்லையா?

நடந்திருக்கு. அதையும் நேர்மையா சொல்லணும்.

1956 அக்டோபரில் அமெரிக்காவில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி கேமரா முன்னால் கையை நீட்டிப் போலியோ தடுப்பூசி போட்டுக்கொண்டார். ஊசி வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த இளைஞர்களுக்காக அந்த ஏற்பாடு. நம்ம நாட்டில் அமிதாப் பச்சன் பல ஆண்டுகள் போலியோ சொட்டு மருந்துக்காகப் பேசினார். 2009-இல் இந்தியாவில் 741 போலியோ நோயாளிகள். கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாததாகச் சான்று பெற்றது. அதில் இந்தியாவும் சேர்த்தி. வீடு வீடா, பஸ் ஸ்டாண்ட் பஸ் ஸ்டாண்டா போய் சொட்டு மருந்து போட்டவங்களோட வெற்றி அது. ஆனா அந்தக் கதவைத் திறக்க வச்சதில் அமிதாப் குரலுக்கும் பங்கு உண்டு.

கவனிங்க, அமிதாப் என்ன சொன்னார்? "குழந்தையைத் தூக்கிட்டு வாங்க" என்றார். எத்தனை சொட்டு, எந்த வயசு, யாருக்குப் போடக்கூடாது என்பதை எல்லாம் மருத்துவத் துறை முடிவு பண்ணியது.

விவேக்

நம்ம ஊர் கதைக்கு வருவோம். 2021 ஏப்ரல் 15. நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். பயப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள் என்று பத்திரிகையாளர்களிடம் பேசினார். மறுநாள் காலை மாரடைப்பு. ஏப்ரல் 17 அதிகாலை காலமானார். வயது 59.

அந்த ரெண்டு நாள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். போன் முழுக்க ஒரே பேச்சு. இதயத்தின் முக்கிய ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தது, தடுப்பூசிக்குத் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் சுகாதாரத் துறையும் அன்றைக்கே சொன்னார்கள். மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் தடுப்பூசி காரணமில்லை என்று முடிவு சொன்னது. ஆனா அந்த முடிவு வெளியானது அக்டோபரில். வதந்திக்குச் சில மணி நேரம் போதும். உண்மைக்கு ஆறு மாதம் ஆச்சு.

அதே நாட்களில் நடிகர் மன்சூர் அலிகான், தடுப்பூசியையும் விவேக்கின் உடல்நிலையையும் முடிச்சுப் போட்டுப் பேசினார். சென்னை மாநகராட்சி புகார் கொடுத்தது, வழக்கு பதிவானது. அவருக்கு முன்ஜாமீன் வழங்கிய சென்னை உயர் நீதிமன்றம், தடுப்பூசி வாங்குவதற்காக சுகாதாரத் துறைக்கு 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று நிபந்தனை விதித்தது.

விவேக் சொன்னது சரியான விஷயம். முறையான இடத்தில், மருத்துவர்கள் முன்னால் சொன்னார். அப்படியும் என்ன ஆச்சு? ஒரு முகத்தை நம்பி ஊசி போட்டுக்க வர்றவங்க, அந்த முகத்துக்கு ஏதாவது ஆனா ஊசியையும் சந்தேகப்படுவாங்க. பிரபலத்தின் மேல கட்டின நம்பிக்கை அவ்வளவு மெல்லிசு. அதனால பிரபலம் நம்மைக் கூட்டிட்டு வரலாம். ஆனா நம்ம நம்பிக்கை உட்கார வேண்டிய இடம் மருத்துவமும் அதன் சான்றுகளும்தான்.

நல்ல மனசு போதாது

2024 ஜூலையில் நடிகை சமந்தா, வைரஸ் தொற்றுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடை நெபுலைசரில் வைத்து சுவாசிக்கலாம் என்று இன்ஸ்டாகிராமில் பதிவிட்டார். மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நல்ல எண்ணத்தில், தனக்கு மருத்துவர் ஒருவர் சொன்னதைப் பகிர்ந்ததாக சமந்தா விளக்கம் கொடுத்தார். நான் அதை நம்புறேன். ஆனா இன்னைக்கு வீசிங் இருக்கிற குழந்தைகள் உள்ள எத்தனை வீட்டுல நெபுலைசர் இருக்கு? ஒரு அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பதிவைப் பார்த்தா என்ன ஆகும்? ஹைட்ரஜன் பெராக்சைடு நுரையீரலை எரிச்சலூட்டிப் புண்ணாக்கக் கூடியது. நுரையீரலுக்கு நல்ல எண்ணம், கெட்ட எண்ணம் தெரியாது.

2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஒரு பெண் உயிரிழந்தார். குழந்தை பிழைத்தது, அம்மா இல்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை அடங்கிய தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதுபோல ஒரு கட்டுரை வெளியிட்டார். 2010-இல் லான்செட் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் ஜென்னி மெக்கார்த்தி என்ற நடிகை, "நான் ஒரு அம்மா" என்று சொல்லி அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் அந்தப் பயத்தைப் பரப்பியிருந்தார். பிறகு டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவில் அப்படி எந்தத் தொடர்பும் இல்லை. கட்டுரை செத்துப்போச்சு, பயம் இன்னும் சாகல. என் அக்கா பார்த்த ரீல் வரைக்கும் அது வந்து சேர்ந்திருக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

பால் பவுடர் டப்பாவைக் கையில பிடிச்சிக்கிட்டு "கைக்குழந்தைக்கு இதைக் கொடுங்க"ன்னு ஒரு நடிகர் டிவி விளம்பரத்துல வந்து பார்த்திருக்கீங்களா? வர முடியாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால் மாற்றுப் பொருட்கள், பால் புட்டிகளை விளம்பரம் செய்ய 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும் தடை விதிக்கின்றன. அதாவது, கைக்குழந்தையின் பால் விஷயத்தில் விளம்பர முகம் பேசக்கூடாது என்று நாடு ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றுபவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. உடல்நலம் பற்றிப் பேசும் பிரபலங்கள், தங்கள் பேச்சு மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அல்ல என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என 2023 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது.

ஆனா இதெல்லாம் பெரும்பாலும் விளம்பரத்துக்கு. காசு வாங்காம, சும்மா மனசுல பட்டதைச் சொல்ற ஒரு ரீலை இந்தச் சட்டம் பிடிக்காது. எல்லாப் பேச்சையும் தடை போடணும்னும் நான் சொல்ல மாட்டேன். அந்த இடத்துல நம்ம நிதானம்தான் காவல்.

மூணு கேள்வி

குழந்தை உடல்நலம் பத்தி எந்தப் பிரபலம் என்ன சொன்னாலும், மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு: இவர் என்னை மருத்துவரிடம் அனுப்புகிறாரா, இல்லை தானே மருத்துவராகிறாரா? "போய்ப் போட்டுக்கோங்க, டாக்டரைப் பாருங்க" என்றால் அது அழைப்பு. "இதைக் கொடுங்க, அதை நிறுத்துங்க, தள்ளிப் போடுங்க" என்றால் அது மருந்துச் சீட்டு. மருந்துச் சீட்டு எழுத படிப்பு வேணும்.

ரெண்டு: இவர் என் குழந்தையைப் பார்த்தாரா? அதன் எடை, வயசு, ஒவ்வாமை எதுவும் தெரியாம பல லட்சம் பேருக்கு ஒரே பதில் சொல்ல முடியாது.

மூணு: தப்பாப் போனா யார் வருவாங்க? அந்த ராத்திரி எங்ககூட அந்த நடிகை வரல. வார்டுல இருந்த டாக்டரும் நர்ஸும்தான் இருந்தாங்க.

எங்க பக்கமும் குறை இருக்கு

அக்காகிட்ட அப்புறம் கேட்டேன், "ஏன் அவங்களை நம்பின?" அக்கா சொன்னாங்க: "அவங்க என் பயத்தைப் பத்திப் பேசினாங்க. நீங்கள்லாம் தேதியைப் பத்தி மட்டும்தான் பேசினீங்க."

அது என்னைக் குத்துச்சு. ஊசி போட்டா காய்ச்சல் வரும், குழந்தை ராத்திரி அழும், அது ஏன், எத்தனை நாள் என்று நாங்கள் பொறுமையா சொல்லியிருக்கணும். "தவறாமல் போடுங்கள்" என்ற வாசகம் யார் பயத்தையும் போக்காது. அதுக்கப்புறம் நான் எழுதுற ஒவ்வொரு பதிவிலும் பெற்றோர் கேட்கிற ஒரு கேள்விக்காவது பதில் எழுதுறேன்.

போன்ல என்ன செய்யலாம்?

போனைத் தூக்கிப் போடச் சொல்லல. அதை வேற மாதிரி பயன்படுத்துங்க.

• 104: தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண். ரீல் பார்த்து சந்தேகம் வந்தா முதல்ல இங்கே கேளுங்க.

• 108: மூச்சுத் திணறல், வலிப்பு, குழந்தை துவண்டு போவது. ஆட்டோ தேட வேண்டாம், நாங்கள் செய்த தப்பு அது.

• யூ-வின்: குழந்தையைப் பதிவு செய்து அடுத்த தடுப்பூசித் தேதியைப் பார்க்கலாம், சான்றிதழும் பதிவிறக்கலாம்.

• 1915: தவறான மருந்து, ஊட்டச்சத்து விளம்பரங்கள் பற்றிப் புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண்.

• உங்கள் பகுதி செவிலியரின் எண்ணை இன்றைக்கே போனில் சேமியுங்கள்.

தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை 9 மாதம் முடிந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். தேதி தவறியிருந்தாலும் ஐந்து வயது வரை போட்டுக்கொள்ளலாம். அரசு மையங்களில் இலவசம். தேதி தவறிட்டதேன்னு கூச்சப்பட்டு யாரும் வீட்டுல இருக்காதீங்க. நர்சம்மா யாரையும் திட்டமாட்டாங்க. என் அக்கா பையன் பதினாறாவது மாதம் போனப்போ அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "சாப்பிடுறானாம்மா நல்லா?"

நட்சத்திரங்களை ரசிப்போம். படம் பார்ப்போம், விசில் அடிப்போம். குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னா மட்டும், குழந்தையைத் தொட்டுப் பார்த்தவங்க சொல்றதைக் கேட்போம்.