சித்தாள் கையிலும் கரணை
(பெங்களூரில் கட்டடத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து இந்தப் பெங்களூரைக் கட்டி எழுப்பியவர்களில் நாமும் உண்டு. நம் வீட்டு ஆண் சித்தாளாகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் கரணை பிடித்துக் கொத்தனாராகிறான். அவனோடு சேர்ந்த பெண்ணோ கடைசிவரை சட்டி சுமக்கிறாள். காரணம் திறமைக் குறைவல்ல; கற்றுக்கொடுப்பார் இல்லை.

கற்க வேண்டியது என்ன மந்திரமா? 50 கிலோ சிமென்ட் மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டர் அளவில் நிற்க வேண்டும். கூடினால் கான்கிரீட் பலமிழக்கும். போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட்டானால் 10 நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும். தூக்குக்குண்டும் ரசமட்டமும் ஆண், பெண் பார்ப்பதில்லை. அகமதாபாத்தில் சேவா சங்கம் பெண்களுக்குக் கொத்து வேலை பயிற்றுவித்துக் காட்டியிருக்கிறது.

பணம் எங்கே என்பார்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டு, பெரிய கட்டடங்களின் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாயாவது நம் நலனுக்கென்றே வசூலாகிறது. அது பிச்சையல்ல; நம் வியர்வை! 18 முதல் 60 வயதுக்குள், 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் பதிவு பெறலாம். ஒவ்வொரு சித்தாளும் தன் பெயரிலேயே பதிவு பெறட்டும். பிறகு நலவாரியத்திடம், தமிழில், அன்றாடக் கூலியோடு பயிற்சி கேட்போம். கூலியை இழந்து படிக்க ஏழையால் ஆகாது.

கொத்தனார் தோழர்களே! வாரியம் அசையும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த சுவரிலேயே உங்கள் கரணையை அவள் கையில் கொடுங்கள்.