டிராக்டர் எழுதும் கணக்கு யார் கையில்?



மண் பரிசோதனைக்கு மாதிரி எடுத்துக் கொடுக்கிறோம். முடிவு எழுதிய மண்வள அட்டை யார் கைக்கு வருது? நிலத்துக்காரர் கைக்குத்தான். "கருவி எங்களுது, ரசாயனம் எங்களுது, அதனால விவரமும் எங்களுக்கே" என்று பரிசோதனைக் கூடத்தார் சொன்னால் சும்மா விடுவோமா? மாட்டோம். ஆனால் புது மாதிரி டிராக்டர், அறுவடை இயந்திரம் விஷயத்தில் உலகமெங்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்து வந்தது. இதற்கு ஐரோப்பாக்காரர்கள் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அங்கே கோதுமை வயலில் ஓடுகிற பெரிய அறுவடை இயந்திரத்தைப் பாருங்க. அடித்த தானியத்தைத் தொட்டிக்குத் தூக்கிவிடும் இடத்தில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். தானியம் வந்து அதில் மோதும். எவ்வளவு பலமாக மோதுதோ அதை வைத்து, வினாடிக்கு எத்தனை கிலோ வருது என்று இயந்திரம் கணக்குப் போடும். இன்னொரு கருவி ஈரப்பதத்தைப் பார்க்கும். வயலில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைச் செயற்கைக்கோள் சொல்லும். மூன்றையும் சேர்த்தால் வயலின் படமே வந்துவிடும். வடக்கு மூலையில் நல்லாக் கண்டிருக்கு, வாய்க்கால் ஓரம் பதராப் போயிருக்கு என்று கலர் கலராகத் தெரியும். அடுத்த போகத்துக்கு எங்கே உரம் கூட்டணும், எங்கே குறைக்கணும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இந்தக் கணக்கு செல்போன் டவர் வழியாக நேரே கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அஞ்சு வருஷம் கழித்து வேறு கம்பெனி வண்டி வாங்கினால் பழைய கணக்கு அங்கேயே தங்கிவிடும். வண்டி நின்றுபோனால் பழுதுக்குக் காரணம் கம்பெனிக்குத் தெரியும். பக்கத்து ஊர் மெக்கானிக்குக்குத் தெரியாது. 2018-ல் அங்குள்ள விவசாயச் சங்கங்களும் இயந்திரக் கம்பெனிகளும் உட்கார்ந்து பேசி, இந்த விவரத்தில் விவசாயி சொல்வதே முதல் சொல் என்று ஓர் உடன்பாடு எழுதினார்கள். இஷ்டப்பட்டவர் கடைப்பிடிக்கலாம், அவ்வளவுதான். கட்டாயம் இல்லை.

கட்டாயம் பிறகு வந்தது. தரவுச் சட்டம் என்று பெயர். 2024 ஜனவரி 11-ல் வந்து, 2025 செப்டம்பர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் நடைமுறைக்கு வந்திருக்கு. இயந்திரம் சேகரிக்கும் விவரத்தை உபயோகிப்பவர் கேட்டால் காசு வாங்காமல் கொடுத்தாகணும். அவர் கைகாட்டுகிற மெக்கானிக்குக்கோ ஆலோசகருக்கோ கொடுக்கச் சொன்னாலும் கொடுக்கணும். அதற்கு நியாயமான தொகையை அந்த மூன்றாம் ஆளிடம் கேட்கலாம், விவசாயியிடம் கேட்கக் கூடாது. எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று: விவசாயியோடு ஒப்பந்தம் இல்லாமல் கம்பெனி அந்த விவரத்தைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ள முடியாது. அதைக் கொண்டு அவருடைய வரவு செலவை மோப்பம் பிடித்து, வியாபாரத்தில் அவரையே மடக்கவும் கூடாது. உங்க வயலில் எத்தனை மூட்டை கண்டது என்று தெரிந்தவன் விலை பேச வந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டை இல்லாமல் இல்லை. தூற்றிச் சுத்தம் செய்த நெல்லைக் கேட்கலாம். அதை ஆக்கின சோற்றைக் கேட்க முடியாது. அதாவது, கருவி அளந்த விவரம் கிடைக்கும். அதை வைத்துக் கம்பெனி தன் மூளையால் போட்ட உரச் சிபாரிசை இந்தச் சட்டத்தைக் காட்டி வாங்க முடியாது. தொழில் ரகசியம் வெளியே போய்ப் பெரும் நஷ்டம் வரும் என்று காட்டினால், அபூர்வமாகச் சில சமயம் மறுக்கவும் இடம் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, நம்ம மாதிரி வாடகைக்கு அழைத்து அறுப்பவர்களுக்கு. சொந்தக்காரரும், குத்தகைக்கோ வாடகைக்கோ இயந்திரத்தையே எடுத்து ஓட்டுபவரும்தான் அந்தச் சட்டத்தில் உபயோகிப்பவர். ஆளோடு வண்டி வந்து அறுத்துவிட்டுப் போனால், விளைந்தது உங்க வயலில் என்றாலும் கணக்கைக் கேட்கும் உரிமை வண்டிக்காரருக்குத்தான்.

இந்தச் சட்டம் நம்ம நாட்டுக்குப் பொருந்தாது. இங்கே 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆளை அடையாளம் காட்டும் விவரத்துக்கானது. இயந்திரத்தின் கணக்கை இன்னாரிடம் கொடு என்று கேட்கும் உரிமை அதில் இல்லை. ஆனால் இயந்திரம் நம்மகிட்டேயும் வந்தாச்சு. செல்போனில் ஓடவிடும் பம்ப்செட் ஸ்டார்ட்டர்கூட மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடினது என்று எழுதி வைக்குது.

அங்கே விற்கிறதுக்கு முன்னாலேயே இந்த வண்டி என்னென்ன விவரம் சேர்க்கும், எங்கே வைக்கும், எவ்வளவு காலம் வைக்கும், எப்படி எடுத்துப் பார்ப்பது என்று சொல்லியாகணும். இங்கே சட்டம் சொல்லாவிட்டாலும் அதே கேள்விகளை நீங்க கேட்கத் தடை இல்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலே கேளுங்க. கொடுத்த பிறகு பதில் வராது. வண்டியை விற்றால் பழைய கணக்கு யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்க. பதிலை வாய்ப்பேச்சாக விடாமல், விலைப்பட்டியலின் பின்பக்கத்திலாவது எழுதிக் கையெழுத்து வாங்கிக்குங்க. அறுவடைக்கு வருகிற வண்டியில் அந்தப் படம் எடுக்கும் வசதி இருந்தால், வாடகை பேசும்போதே உங்க வயல் படத்தின் ஒரு நகல் வேணும் என்று சொல்லிவிடுங்க.