பூனையும் கட்டுமரமும்



கடல் கடந்து வந்து இத்தீவுகளிலே வாழும் நாம், ஆண்டுக்கொருமுறை ஒன்றுகூடித் தமிழின் பெருமையைப் பேசி மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சியில் யாமும் பங்குடையோம். ஆயினும், அப்பெருமையைப் பேசுமுன் எம் பிழையொன்றை இவ்வவையின்முன் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

சில ஆண்டுகட்கு முன் யாம் ஞாயிறுதோறும் பிள்ளைகட்குத் தமிழ் கற்பித்து வந்தோம். 'கேட்டமரான்' என்னும் ஆங்கிலச் சொல் நம் கட்டுமரமே என்று ஒருநாள் கூறினோம். அதுகேட்டு வியந்த சிறுமி ஒருத்தி, "ஐயா, அப்படியானால் கேட்டலாக், கேட்டகரி என்பனவும் தமிழ்தாமோ? அவையும் சி, ஏ, டி என்னும் மூன்றெழுத்துகளில்தானே தொடங்குகின்றன?" என்று வினவினாள். யாம் சிறிதும் ஆராயாது, "ஆம், எல்லாம் கட்டு என்பதன் வழி வந்தனவே" என்று விடையிறுத்துவிட்டோம். மறுநாள் அவள் பள்ளியிலே அதனைச் சொன்னாள். உடன்பயில்வோர் அகராதியிலே கேட்டலாக் என்னும் சொல்லைப் பார்த்து நகைத்தனர். நகைக்கத் தொடங்கியவர் அடுத்த சொல்லைப் புரட்டிப் பார்ப்பரோ? கட்டுமரத்தையும் சேர்த்தே நகைத்தனர். கண்கலங்கி வந்த அவள், "கட்டுமரமும் பொய்தானா, ஐயா?" என்று கேட்டாள். அவ்வினாவிற்கு உரிய விடையே இவ்வுரை.

எழுத்தும் ஒலியும் ஒத்திருப்பதால் பொருளும் பிறப்பும் ஒத்திரா என்பதை நம் இலக்கணத்தார் நன்கறிவர். தாமரை என்பது ஒரு சொல்லாய் நின்று மலரைக் குறிக்கும். தா, மரை எனப் பிரிந்து நின்று தாவும் மானைக் குறிக்கும். வேங்கை, எட்டு முதலியனவும் இத்தகையனவே. இவற்றைப் பொதுமொழி என்று நன்னூலார் வகுத்தார். அக்கண்கொண்டே அம்மூன்று ஆங்கில எழுத்துகளையும் காண்போம்.

அம்மூன்றும் தனித்து நின்றால் பூனை. அது பிற்கால இலத்தீனில் 'கட்டுஸ்' என வழங்கிய சொல். இப்பூனையின் உண்மையான உறவு ஒன்று உண்டு. அது 'கேட்டர்பில்லர்' என்னும் கம்பளிப்பூச்சி. பழைய பிரெஞ்சு மொழியில் 'மயிரடர்ந்த பூனை' எனப் பொருள்பட வழங்கிய சொல்லிலிருந்து அது பிறந்தது. அப்பூச்சியின் மயிரைக் கண்டு நாம் கம்பளியை நினைத்தோம். அவர்கள் பூனையை நினைத்தனர்.

அடுத்தது கிரேக்கக் குடும்பம். 'கட்டா' என்னும் கிரேக்க முன்னொட்டுக்குக் 'கீழ்நோக்கி', 'எதிராக' முதலிய பொருள்கள் உண்டு. ஒன்றன்கீழ் ஒன்றாக எண்ணி வைப்பது கேட்டலாக். மேலிருந்து பாய்ந்து விழும் அருவி 'கேட்டராக்ட்'. கண்ணிலே படரும் புரைக்கும் அப்பெயரே வழங்குகின்றது. அவையிலே ஒருவனுக்கு எதிராகப் பேசும் குற்றச்சாட்டுக்கே 'கேட்டகரி' என்பதன் மூலச்சொல் முதலில் வழங்கிற்று. அரிஸ்டாட்டில் கையாண்ட பின்னரே அது பொருள்களின் வகையைக் குறிக்கலாயிற்று. அமரும் இருக்கை என்பதினின்று வந்தது 'கதீட்ரல்'. ஆயரின் இருக்கை அமைந்த கோயிலே கதீட்ரல். நம் நகரின் ஸ்டெல்லா மாரிஸ் பேராலயமும் அதனாலேயே அப்பெயர் பெற்றது. 'கேட்டாஸ்ட்ரபி' என்பது கீழ்மேலாகப் புரள்வது. முன்னர் நாடகத்தின் இறுதித் திருப்பத்தைக் குறித்தது, பின்னர்ப் பேரழிவைக் குறித்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளைக் கண்ட நமக்கு அச்சொல்லின் பொருளை அறிய அகராதி வேண்டுவதில்லை.

'கேட்டில்' என்னும் கால்நடைக்கோ பிறப்பிடம் இலத்தீன். தலை என்னும் பொருளுடைய அடியிலிருந்து முதற்பொருள், உடைமை என்னும் கருத்துகள் தோன்றி, உடைமையுள் சிறந்த கால்நடைக்கு அப்பெயர் ஆயிற்று. மூலதனத்தைக் குறிக்கும் 'கேப்பிட்டல்' இதன் உடன்பிறப்பு. வள்ளுவரும் மாடு என்னும் சொல்லைச் செல்வம் என்னும் பொருளில் ஆண்டாரன்றோ! சொற்கள் வேறு, கருத்து மட்டும் ஒன்று. திருமண வீடுகளில் நாம் நாள்தோறும் கேட்கும் 'கேட்டரிங்' என்பது, வாங்குதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழியது. 'எஜுகேஷன்' என்னும் கல்வியின் நடுவிலும் அம்மூன்றெழுத்துகள் உண்டு. ஆங்கே சி பகுதியைச் சார்ந்தது, ஏயும் டியும் விகுதியைச் சார்ந்தன. அது, தாமரைக்குள் மரையைத் தேடுவது போன்றதே.

இனி நம் கட்டுமரத்திற்கு வருவோம். 1697-ஆம் ஆண்டு ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் தம் உலகப் பயண நூலை வெளியிட்டார். அதிலே, சோழமண்டலக் கரையில் இலேசான மரக்கட்டைகளால் ஆகிய மிதவையைக் கட்டுமரம் என்று அழைப்பதாகக் குறித்துள்ளார். இந்த டாம்பியர் யாவர்? 1688-ஆம் ஆண்டு தம் கப்பலை நீங்கி, நம் நிக்கோபார்த் தீவிலே கரையிறங்கியவர்! ஒரு கோடரியைக் கொடுத்துத் தோணி வாங்கினார். அது கவிழ்ந்தது. பின்னர் இருபுறமும் துணைக்கட்டைகள் பிணைத்து, புயலிலே தத்தளித்துச் சுமத்திரா சென்று சேர்ந்தார். நம் சொல்லை ஆங்கில நூலில் ஏற்றியவருள் ஒருவர், மரத்தை மரத்தோடு பிணைத்து உயிர் பிழைத்ததும் இக்கடலிலேயே.

அயல்மொழி புகுந்த சொல் அங்கே தன் வாழ்வைத் தானே வாழ்கின்றது. 1804-இல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க ஆங்கிலேயர் அனுப்பிய வெடிமிதவைக்குக் கட்டுமரம் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்ணையும் அச்சொல்லால் ஏசினர். பூனையின் பெயர் முன்னே நிற்பதாக மயங்கியதே இதற்குக் காரணம் ஆகலாம் என்பர். ஆதலின் எழுத்தைக் கண்டு மயங்கியவர் யாம் மட்டும் அல்லேம்! 1876-இல் அமெரிக்கர் ஹெரஷாஃப் இரட்டை உடற்படகு ஒன்று கட்டினார். இன்று அத்தகைய படகிற்கே அப்பெயர் நிலைத்துள்ளது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நம் போர்ட் பிளேயரிலிருந்து ஸ்வராஜ் தீவுக்கு விரையும் படகுகளுள்ளும் அவ்வகையின உண்டு. அவற்றிலே கட்டும் இல்லை, மரமும் இல்லை. பெயர் மட்டும் நம் பரதவர் கொடுத்தது.

அன்பர்களே! கட்டுமரத்திற்கு ஏட்டிலே சான்று உண்டு. நிக்கோபார் என்னும் பெயரின் முன்னோடியாக அறிஞர் காணும் நக்கவாரம் என்பதற்கு, இராசேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டிலே சான்று உண்டு. எட்டுக்கும் ஆங்கில 'எய்ட்' என்பதற்கும் ஒலி ஒப்புமை அன்றிப் பிற சான்று இல்லை. எய்ட் என்பது இலத்தீன் 'ஒக்டோ', வடமொழி 'அஷ்ட' என்பனவற்றின் உறவு. 'கேஷ்' என்பதன் நிலையோ வியப்பானது. சிறு நாணயத்தைக் குறித்த பழைய கேஷ் நம் காசு, போர்த்துகீசியர் வாய்வழிச் சென்றது. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வழியது. எழுத்து ஒன்றே, சொல் இரண்டு.

ஒரு பையிலே கள்ளக்காசு ஒன்று கலந்தால், கொள்வோன் நற்காசையும் தட்டிப் பார்ப்பான். பல மொழியினர் அண்டை வீட்டினராய் வாழும் இத்தீவிலே, ஆராயாது நாம் சொல்லும் ஒரு பெருமை, ஆராய்ந்து சொல்லும் பத்துப் பெருமைகளைக் கெடுத்துவிடும். அந்நகைப்பைத் தாங்குவோர் நாம் அல்லேம். பள்ளி செல்லும் நம் பிள்ளைகளே.

அடுத்த ஞாயிறன்று அகராதியோடு சென்று, எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் எம் பிழையைச் சொன்னோம். அச்சிறுமி சொற்களை இனம் இனமாகப் பிரித்து எழுதினாள். கட்டுமரத்தைத் தனியே எழுதி, அதன் கீழே கோடிட்டாள். "இஃது ஒன்று போதும், ஐயா" என்றாள்.

ஆம், ஒன்றாயினும் மெய்யானது போதும். வாழ்க தமிழ்!