துரைமாரின் விடுதியும் தோட்டத்தாரின் தவறணையும்: கண்டி குயீன்ஸ் ஹோட்டல்
(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



தலதா வீதியில், ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் தலதா மாளிகையும் இருக்க, வெள்ளை வெளேரென்று நிற்கிறது குயீன்ஸ் ஹோட்டல். அதன் வரலாற்றை யாருடைய வரலாறாக எழுத வேண்டும் என்பதே இன்று என் பேச்சு.

கண்டி அரசின் பிரதானிகளுள் ஒருவரான துல்லேவையின் வளவு இருந்த நிலம் அது. எதிரே தெரியும் வாவியை வெட்டுவித்தவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்கர் குலத்தவர், கண்ணுசாமி என்ற இயற்பெயர் உடையவர். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தோடு ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. மன்னர் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் காலமானார். வளவு வெள்ளையர் கைக்கு மாறி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விடுதியும் ஆயிற்று.

இத்தனை சிறிய மலையூருக்கு இத்தனை பெரிய விடுதி எதற்கு? விடை கோப்பித் தோட்டங்களில் இருக்கிறது. ஆளுநர் பார்ன்ஸ் 1820களில் கடுகண்ணாவைக் கணவாய் வழியே கொழும்பு வீதியைத் திறந்தார். தோட்டத் துரைமார் வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும் கச்சேரிக்கும் கண்டிக்கு வந்தார்கள். 1854இல் அவர்களுடைய சங்கம் இங்கேதான் பிறந்தது. 1867இல் ரயிலும் வந்தது. தங்கவும் குடிக்கவும் விலைபேசவும் அவர்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

அதே காலத்தில் தோட்ட வேலைக்காக நம் முன்னோர் வேறொரு வழியில் வந்தார்கள். மன்னாரில் இறங்கி, தம்புள்ளையையும் மாத்தளையையும் கடந்து, காட்டு வழியே நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அவர்கள் பறித்த கோப்பிதான் விடுதியின் கணக்கைத் தீர்த்தது. 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. பின்னர் தேயிலை வந்தது. பயிர் மாறியது, கணக்கைத் தீர்த்த கைகள் மாறவில்லை.

துரைக்கு விடுதி என்றால் தொழிலாளிக்குத் தவறணை என்ற சாராயக் கடை. சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. குத்தகைக்காரர் போட்ட முதலை எடுக்க வேண்டும். அதற்குக் குடிப்பவர் பெருக வேண்டும். சம்பள நாளில் கூலிக்காசின் ஒரு பங்கு தவறணை மேசை வழியாக அரசாங்கக் கஜானாவுக்கே திரும்பிப் போனது. 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கங்கள் எதிர்த்தது இந்த ஏற்பாட்டைத்தான். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் தோட்டத் தொழிலாளரிடம் குடியை விடச் சொன்னார். குடிப்பவரைப் பழிப்பது எளிது. அவரைக் குடிக்க வைத்து வரி வாங்கியவரைக் கேள்வி கேட்பதே நியாயம்.

1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தபோது, ஊர் முழுதும் சீருடை அதிகாரிகள் நிறைந்தார்கள். 1988இல் கண்டி உலக மரபுரிமை நகரானது. 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தபோது சுற்றுப்புறக் கட்டடங்களும் அடிவாங்கின. அத்தனையையும் தாங்கிக்கொண்டு விடுதி இன்றும் நடக்கிறது.

எசல பெரஹெர ஊர்வல நாட்களில் விடுதியின் முன்னே நின்று பாருங்கள். வளைவுகளின் கீழே விலைக்கு விற்ற நாற்காலிகள் வரிசையாக இருக்கும். நடைபாதையிலோ, தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்த குடும்பங்கள் காலையிலேயே பாய் விரித்து, சோற்றுப் பொதியோடு இடம் பிடித்திருக்கும். யானை இருவருக்கும் முன்னால் ஒரே நடையில்தான் போகிறது. ஆனால் நாற்காலியில் இருந்தவர்கள் நாட்குறிப்பும் பயண நூலும் எழுதினார்கள்; பாயில் இருந்தவர்களின் நினைவுகளோ பெரும்பாலும் பதிவாகவேயில்லை.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய விடுதிகளில் சமைத்தவர்கள், பெட்டி சுமந்தவர்கள், துணி வெளுத்தவர்கள், தவறணை வாசலில் கணவருக்காகக் காத்திருந்த பெண்கள் ஆகியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள். கேட்டதைத் தமிழில் எழுதுங்கள். இந்த அறக்கட்டளையின் அடுத்த நூல் அதுவாக இருந்தால், அறக்கட்டளை யாருடைய நினைவாக நிறுவப்பட்டதோ அந்தப் பெரியவருக்கு அதைவிட நல்ல மரியாதை வேறில்லை.